எங்கள் வீட்டில் கலர் கிடையாது

நான் போடும் காபி நன்றாக இருக்கும். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஒரகடத்தில் கார் விளக்கு செய்கிற கம்பெனியில் ஆறு வருடமாகத் தரம் பார்க்கிற வேலை. லென்ஸில் முடி அளவு கீறல் இருந்தாலும் திருப்பிப் பார்த்துக் கழித்துப் போடுகிறவள் நான். என் கையால் போட்ட காபி சரியில்லை என்றால் முதலில் கொட்டுவது நானாகத்தான் இருக்கும்.

ஆரம்பத்தில் நிறையவே கொட்டினேன். கம்பெனி கேன்டீனில் பொத்தானை அமுக்கினால் பழுப்பாக ஒரு தண்ணீர் வரும், அதைக் காபி என்று சொல்லிக்கொள்வார்கள். குடித்துக் குடித்து வெறுத்துப்போய், ஒரு லீவு நாளில் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் எவர்சில்வர் ஃபில்டர் வாங்கி வந்தேன். முதல் நாள் பொடியை அழுத்து அழுத்தென்று அழுத்திவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் கீழே நாலு சொட்டு. மறுநாள் அழுத்தாமல் விட்டேன். தண்ணீர் மளமளவென்று இறங்கி வெளிறிப்போய் நின்றது. அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாடி எழிலு, பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி கீது" என்றாள்.

விடுவேனா? லைனில் பிழை வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்று கம்பெனியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதையே வீட்டில் செய்தேன். ஒரு வாரம் பொடியின் அளவு, ஒரு வாரம் சிக்கரி, ஒரு வாரம் தண்ணீரின் சூடு. நம் கண்ணெதிரே கொட்டையை அரைத்துத் தருகிற கடையைத் தேடிக் காஞ்சிபுரம் வரை போனேன். கடைசியில் பிடிபட்டது. பொடியைச் சமமாகத் தட்டி, லேசாக ஒரே ஒரு அழுத்து. கொதித்த தண்ணீரை இறக்கி, பத்து எண்ணிவிட்டு, பொடி நனைகிற அளவு மட்டும் முதலில் ஊற்ற வேண்டும். அது உப்பி அடங்கிய பிறகு மீதி. அப்புறம் ஃபில்டர் பக்கமே போகக் கூடாது. பால் தண்ணீர் காணாததாக, அப்போதுதான் பொங்கியதாக இருக்க வேண்டும். கலந்ததும் குடித்துவிட வேண்டும். ஆறவிட்டால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

காலை ஏ ஷிப்ட் வாரங்களில் ஒரு சின்ன ஃபிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு போவேன். கம்பெனி பஸ் முதலில் எங்கள் காலனி ஸ்டாப்பில் நிற்கும், அடுத்தது பிள்ளைப்பாக்கம் ஊர் ஸ்டாப். அங்கேதான் வேல்விழி ஏறுவாள். ஏறியதும் என் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டுவாள். ஃபிளாஸ்க்குக்கு ஒரே மூடி. அவள் குடித்துவிட்டுத் தருவாள், நான் குடிப்பேன், மறுபடி அவள். "இது இல்லன்னா லைன்ல எனக்குக் கையே ஓடாதுடி" என்பாள். ஆறு வருடம் இப்படித்தான் போனது.

ஊருக்கும் காலனிக்கும் அரைக் கிலோமீட்டர்தான். ஆனாலும் வேல்விழி எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை, நானும் அவள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. ஏன் என்று நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை. தெரிந்ததை எதற்குப் பேசுவது என்று இரண்டு பேருமே இருந்துவிட்டோம் போல.

இப்போது கலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர்ப் பக்கத்திலிருந்து யாராவது எங்கள் வீட்டுக்கு வந்தால், அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கடைக்கு ஓடிவிடுவாள். மூடி திறக்காத கலர் சோடா பாட்டில் வரும். வந்தவர் தானே திறந்து, பாட்டிலோடு குடிப்பார். எங்கள் அடுப்பு, எங்கள் பாத்திரம், எங்கள் கை எதுவும் அதில் பட்டிருக்காது. ஓட்டுக் கேட்க வந்தவர்கள் அப்படிக் குடித்தார்கள். இடம் பார்க்க வந்த புரோக்கர் அப்படிக் குடித்தார். போன பொங்கலுக்கு வந்த எங்கள் லைன் சூப்பர்வைசரும் அப்படியே குடித்துவிட்டு, "வீடு சூப்பரா கட்டிருக்கம்மா எழிலரசி" என்று பாராட்டிவிட்டுப் போனார். அடுப்படியில் அவருக்காக நான் இறக்கி வைத்திருந்த டிகாக்‌ஷன் அப்படியே இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

"இனிமே இந்த வூட்ல கலர் வாங்கக் கூடாது" என்று அன்று இரவே சொல்லிவிட்டேன். அம்மா தலையை ஆட்டினாள். அம்மா தலையை ஆட்டினால் கேட்கவில்லை என்று அர்த்தம்.

போன மாதம் வேல்விழிக்குக் கல்யாணம் நிச்சயமானது. "ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கினு பத்திரிகை வெக்க உங்க வூட்டுக்கு வரேன். எங்கம்மா தெருமுனையிலயே குடுத்துடலாம்னுச்சு. நான்தான் ஒத்துக்கல, வூட்டுக்குத்தான் போவணும்னு சண்டை போட்டேன்" என்றாள் பஸ்ஸில். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. சனிக்கிழமையே காஞ்சிபுரம் போய்ப் புதுப்பொடி அரைத்து வந்தேன். டம்ளர், டபராவைப் புளி போட்டுத் தேய்த்தேன்.

அப்போதுதான் அரிசி டிரம்முக்குப் பின்னால் இரண்டு கலர் பாட்டில்கள் கண்ணில் பட்டன. எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டு அம்சவல்லி அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அவங்க குடிக்க மாட்டாங்கடி."

"வேல்விழி குடிப்பா."

"அவங்கம்மா கனகம்மா குடிக்காது. நான் அவங்க கொல்லையில நாத்து நட்டவ, எனக்குத் தெரியாதா? இத்தினி வருசமா நான் குடிங்கன்னு கேட்டதும் இல்ல, அவங்க வேணாம்னு சொன்னதும் இல்ல. மரியாதையா போய்க்கினு கீது. அத ஏன் நீ கெடுக்கற?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அம்மா கடைக்கு ஓடியது வந்தவர்களுக்காக இல்லை. வேண்டாம் என்ற ஒரு சொல்லைத் தன் காதால் கேட்கக் கூடாது என்பதற்காக ஓடியிருக்கிறாள். பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. "நாளைக்குக் கேக்கலாம்மா. இன்னா சொல்றாங்கன்னு பாக்கலாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு ஸ்கூட்டியில் வந்தார்கள். கனகம் கையில் தட்டு. வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமம், மேலே பத்திரிகை. "வாங்கம்மா, வாங்க" என்று அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் "வாங்க ஆண்ட்டி" என்றேன். அந்த ஆண்ட்டியில் கனகத்தின் புருவம் ஒரு தரம் ஏறி இறங்கியது. பட்டணத்துப் பேச்சு என்று விட்டிருப்பாள்.

வேல்விழி உள்ளே வந்து சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். கனகம் நாற்காலியின் விளிம்பில், எழுந்து ஓடத் தோதாக உட்கார்ந்தாள்.

"இன்னா கோவிந்தம்மா, நல்லா கீறியா? பொண்ணுக்கு வர்ற இருபத்தி மூணாந்தேதி கல்யாணம். வந்துடு" என்று தட்டை நீட்டினாள். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

நான் நடுவில் போய் நின்றேன். "மொதல்ல காபி, ஆண்ட்டி. நீங்க குடிச்சதும் நாங்க ரெண்டு பேரும் சேந்து வாங்கிக்கிறோம்."

கனகம் சிரித்தபடி தட்டை முக்காலியில் வைத்தாள். நான் அடுப்படிக்குப் போனேன். பால் சரியாகப் பொங்கி வந்தது. டிகாக்‌ஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்கியிருந்தது. ஒரு ஆற்று, நுரை தளும்ப இரண்டு டம்ளர். அன்றைக்கு வந்த மாதிரி காபி எனக்கே அதுவரை வந்ததில்லை. வாசனை கூடத்துக்கு எனக்கு முன்னால் போய்விட்டது. கனகத்தின் மூக்கு லேசாக விரிந்ததைப் பார்த்தேன். தரம் பார்க்கிற கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது.

"எனக்கு சுகர்மா" என்றாள்.

"சக்கரை போடல ஆண்ட்டி. தனியா வெச்சிருக்கேன்."

"இப்பத்தான் ஒரு வூட்ல குடிச்சிட்டு வரோம்."

"இங்க குடிக்கலையே. அரை டம்ளராவது."

கனகம் மகளைப் பார்த்தாள். நானும் வேல்விழியைப் பார்த்தேன். அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கும் வேணாம் எழிலு. நான் காபிய வுட்டுட்டேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு மூடி குடித்தவள். மூன்றாவதுக்கு ஃபிளாஸ்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தவள். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஒரே வார்த்தை, அவள் அம்மா முகம் எப்படிப் போகும் என்று பார்த்துவிடலாம். சொல்லவில்லை. நட்புக்காகவா என்று கேட்டால் அதுவும் இல்லை. என் காபியைக் குடித்ததை ஒரு குற்றம் மாதிரி நானே எதற்குக் காட்டிக் கொடுக்க வேண்டும்?

"வெச்சிட்டுப் போம்மா, ஆறட்டும். எனக்குச் சூடு ஆகாது, தூக்கித்தான் குடிப்பேன்" என்றாள் கனகம்.

தூக்கிக் குடிப்பது என்றால் டம்ளரில் உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வது. சுடச்சுட இருக்கிற காபியை அப்படிக் குடிக்க முடியாது. ஆறிய பிறகுதான் முடியும். ஆறிய பிறகும் குடிக்காமல், ஆறிப்போச்சே என்று எழுந்து போகவும் முடியும். இந்த வித்தையெல்லாம் இவர்கள் எங்கே படித்தார்கள் என்று தெரியவில்லை.

கல்யாண மண்டபம், மாப்பிள்ளைக்குத் தண்டலத்துக் கல்லூரியில் வேலை என்று பேச்சு ஓடியது. டம்ளர்கள் மேல் ஆடை படிந்தது. நான் எழுந்து இரண்டையும் எடுத்தேன்.

"ஆறிப்போச்சு ஆண்ட்டி. ஆறின காபி நான் யாருக்கும் குடுக்கறது இல்ல. வேற எடுத்தாறேன்."

"அய்யோ, இருக்கட்டும்மா!"

கேட்கவில்லை. நல்ல காபியைத் தொட்டியில் கொட்டும்போது மனசு வலித்தது. புதிதாகப் பால் பொங்க வைத்து, புதிதாகக் கலந்து, மறுபடி நுரையோடு கொண்டுவந்து வைத்தேன். கனகம் வெளியே வெயில் எப்படி என்று பேசினாள். மறுபடி ஆடை படிந்தது. மறுபடி எடுத்தேன், கொட்டினேன், கலந்தேன். மூன்றாவது தடவை டம்ளரைக் கீழே வைக்கும்போது கனகத்தின் முகத்தில் சிரிப்பு இல்லை. நானும் சிரிக்கவில்லை.

அவள் என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினாள். "கோவிந்தம்மா, கலர் கிலர் எதனா இருந்தா எடுத்தா. ஒரு வாய் குடிச்சிட்டு நாங்க கெளம்பறோம்."

அம்மாவின் கால் பழக்கத்தில் வாசல் பக்கம் ஒரு அடி போனது.

"எங்க வூட்ல கலர் கெடையாது ஆண்ட்டி. காபிதான்" என்றேன்.

"இன்னா கோவிந்தம்மா, உம் பொண்ணு இப்டி பேசறா? நீ பாத்துக்கினு நிக்கிற?"

அம்மா நின்றாள். என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்றே முடிவு செய்துவிட்டேன். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, ரொம்ப மெதுவாக, "அவ நல்லாத்தாம்மா போடுவா. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்றாள்.

ஐம்பத்தெட்டு வயதில் என் அம்மா ஊர்க்காரர் ஒருவரைக் குடிங்க என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"வேணாம்" என்றாள் கனகம்.

மழுப்பல் இல்லை, சுகர் இல்லை, சூடு இல்லை. வெறும் வேணாம். அம்மா ஆயுசு முழுக்க ஓடி ஓடித் தப்பித்துவந்த சொல் கூடத்தின் நடுவில் வந்து விழுந்தது. அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அம்மா பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து, கனகத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள். அவ்வளவுதானா என்பது போல இருந்தது அவள் முகம்.

கனகம் எழுந்து முக்காலியிலிருந்த தட்டில் கை வைத்தாள்.

"தட்டத் திருப்பி எடுக்காதீங்கம்மா. கல்யாணப் பொண்ணு" என்றாள் அம்மா. பத்திரிகை வைக்க வந்த தட்டைத் திருப்பி எடுத்துப் போனால் பொண்ணுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்புவது. அம்மா அதை நிஜமான பதைப்போடுதான் சொன்னாள்.

கனகத்தின் கை நின்றது. அவளுக்கும் பயம் இருந்தது. காபியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், மகளின் கழுத்தைப் பார்த்தாள். ஒரு வாய்தான். உதட்டில் நனைத்துக் கீழே வைத்திருந்தால்கூட நாங்கள் தட்டை வாங்கியிருப்போம்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டாள்.

பெற்ற மகளுக்கு என்ன கெடுதல் வந்தாலும் வரட்டும், என் காபி வேண்டாம். அவ்வளவு பயமா எங்கள் மேல்? இவ்வளவு பெரிய ஆள் என்று நான் என்னை நினைத்துக்கொண்டதே இல்லை.

"ஏந்திரி வேலு" என்றாள் கனகம் வாசலில் செருப்பை மாட்டியபடி.

வேல்விழி எழுந்திருக்கவில்லை.

"ஏந்திரிடீன்றேன்."

"குடிச்சிட்டு வரேன்" என்றாள் வேல்விழி.

"நீதான் காபிய வுட்டுட்டேன்ன?"

"பொய் சொன்னேன்." அவள் என்னைக் கைகாட்டினாள். "ஆறு வருசமா இவ காபிதாம்மா குடிக்கிறேன். பஸ்ல. இவ குடிச்ச மூடியில. நெதம் காத்தால நீ குடுக்கற டீய வேணாம்னு ஓடறேனே, எதுக்குன்னு நெனச்ச?"

தெருவில் அம்சவல்லி அக்கா தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தாள். கனகம் தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு போய் ஸ்கூட்டி அருகில் நின்றாள். ஓட்டி வந்தது வேல்விழி, அவளை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. நல்ல வெயில்.

வேல்விழி டம்ளரை எடுத்தாள். அவசரமாக விழுங்கிவிட்டு ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் ஊதி ஊதி, ஒவ்வொரு வாயாக, உதடு பதித்துக் குடித்தாள். மேல் உதட்டில் நுரை ஒட்டியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. எனக்கு அவள் மேல் கோபம் போகவில்லை. அம்மா எதிரில் உட்கார்ந்து, தலை குனியாமல், அவள் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட பேசுடி" என்றாள் வேல்விழி.

"இன்னா பேச? பத்திரிகை வெளிய நிக்கிது" என்றேன். "உங்கம்மா இங்க வந்து குடிக்கிற அன்னிக்கு நான் அங்க வந்து சாப்பிடறேன்."

அவள் தலையை ஆட்டினாள். கல்யாணத்துக்கு நான் வரப்போவதில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. வெளியே கனகம் இரண்டு தரம் ஹாரனை அடித்தாள்.

வேல்விழி டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். வெளியே பார்த்தாள். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, வாசல் வரை கேட்கிற மாதிரி, "இன்னும் கொஞ்சம் கீதா?" என்று கேட்டாள்.

நான் எழுந்திருப்பதற்குள் அம்மா எழுந்து போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள்.